துறைமுகம் இல்லாத ஊரிலிருந்து

பாப்பா,

போன வாரம் போனில் "மூணு நாள்னு சொல்லிட்டு மூணு வாரமா அங்கேயே உட்கார்ந்திருக்கீங்களே, அப்படி என்னதாம்மா இருக்கு அந்த நியுவேல?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான், போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்துவிடுவாய். இன்றைக்கு உங்கப்பா படகின் பாயைத் தைக்க உட்கார்ந்திருக்கிறார், எனக்கும் வேலையில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் புவியியல் பாடம் எடுத்தவள் நான், இந்த நாட்டின் பெயரை ஒரு தடவைகூடக் கரும்பலகையில் எழுதியதில்லை. டோங்கா, சமோவா என்றாவது சொல்லியிருப்பேன். நியுவே பசிபிக் கடலில் ஒரு தீவு, அட்லஸில் ஒரு புள்ளி, அதுவும் பைண்டிங் மடிப்புக்குள் போய்விடும். 260 சதுர கிலோமீட்டர், பதினான்கு கிராமம், ஏறக்குறைய 1,700 பேர். நம் ஸ்கூலில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் கூட்டம் இதைவிடப் பெரியது. ஆனால் தனி அரசு, தனிப் பிரதமர், இருபது பேர் கொண்ட சட்டசபை என்று எல்லாம் இருக்கிறது. 1974-இலிருந்து தன்னாட்சி, குடியுரிமை மட்டும் நியூசிலாந்துடையது. அந்தக் குடியுரிமைதான் இந்த ஊரின் கதையே, அதற்கு அப்புறம் வருகிறேன்.

குக் தீவுகளின் ரரோடோங்காவிலிருந்து 580 கடல் மைல் சொச்சம், ஐந்து நாள் ஓட்டம். நான்காம் நாள் ராத்திரி எனக்கு வாந்தி, உங்கப்பாவுக்கு முதுகுவலி, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜினோடு குடும்பம் நடத்திய மனுஷன், முப்பத்தாறடிப் படகில் காற்றை நம்பி உட்காரும்போது வரும் எரிச்சல் தனி ரகம், அதை நீ பார்த்ததில்லை. விடியும்போது தீவு தெரிந்தது. மலை இல்லை, மணல் இல்லை, அம்மிக்கல்லைத் தண்ணீரில் கவிழ்த்துப் போட்ட மாதிரி தட்டையாக ஒரு பாறை. ஊர்க்காரர்களே இதைப் 'பாறை' என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கடலுக்கடியில் வளர்ந்த பவளத்திட்டு, பூமி உயர்த்திவிட, சுற்றிலும் செங்குத்துக் கரையோடு அறுபது மீட்டருக்கு மேலே நிற்கிறது.

துறைமுகமும் கிடையாது. ஒதுங்கி நிற்க ஒரு குடாகூட இல்லை. அலோஃபி என்ற தலைநகருக்கு முன்னால், மேற்குப் பக்கம், திறந்த கடலில் யாட் கிளப்காரர்கள் போட்டு வைத்த மிதவைகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நங்கூரம் போட்டால் பவளத்தில் சிக்கும், பவளமும் உடையும், ஆழமும் அதிகம். தென்கிழக்குக் காற்று அடிக்கிற வரைக்கும் தீவே நமக்கு மறைப்பு. காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தால் பாறை நம் முதுகுப் பக்கம் வந்துவிடும், அந்த நிமிஷமே அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மேல்காற்றைக் கச்சான் என்று சொல்லும் உன் தாத்தா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்: "கச்சான் விழுந்தா கெளம்பு." தூத்துக்குடிக்குச் சொன்னது இங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது.

அப்புறம் கரைக்கு எப்படிப் போவது? இதைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். டிங்கியை (கரைக்குப் போய்வரும் குட்டி ரப்பர் படகு) ஓட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனால் அங்கே கட்டிவைக்க இடமே கிடையாது, அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ரப்பர் துண்டுதான் கிடைக்கும். அதனால் மேலே ஒரு கிரேன் வைத்திருக்கிறார்கள். ஆள் கிடையாது, நாமேதான் இயக்க வேண்டும். ஒருவர் அலை உயரும் நேரம் பார்த்துப் படிக்குத் தாவ வேண்டும் (நான்தான், உங்கப்பாவின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது). மேலே ஓடிப்போய் பட்டனை அழுத்திக் கொக்கியை இறக்க வேண்டும். கீழே இருப்பவர் டிங்கியின் மூன்று மூலையிலிருந்தும் வரும் கயிறுகளை அதில் மாட்டிவிட்டு, அவரும் படியில் தாவ வேண்டும். பிறகு பட்டன். டிங்கி தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் எழும்பி, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே வந்து தள்ளுவண்டியில் உட்காரும். அதைத் தள்ளிக்கொண்டுபோய் மற்ற படகுக்காரர்களின் டிங்கிகளோடு வரிசையாக நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகலாம். முதல் நாள் என் கை நடுங்கியதில் டிங்கி சுவரில் முட்டியது. நான்காம் நாள் பின்னால் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் புத்தி எங்கே போகும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டிங்கியைத் தூக்கியதும் அடியில் இருக்கும் தக்கையை எடுத்துத் தண்ணீரை வடியவிடுவது வழக்கம். ஒரு சாயங்காலம் வெங்காயம், மாவு, முட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, கம்பீரமாக இறக்கி, பாதி தூரம் வந்த பிறகு "ஏட்டி, கால் நனையுதே" என்றார் உங்கப்பா. தக்கை என் கைப்பையில், சில்லறைக் காசோடு. அவர் பெருவிரலால் அடைத்துக்கொண்டு உட்கார, நான் சமையல் கிண்ணத்தால் இறைக்க, படகுக்கு வந்து சேர்ந்தோம். முட்டை தப்பித்தது. மாவை மறுநாள் ரொட்டியாகச் சுட்டுத் தீர்த்துவிட்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. மண்ணை அடித்துக்கொண்டு வந்து கடலைக் கலக்க எதுவுமே இல்லை. அதனால் முப்பது மீட்டர் கீழே கிடக்கும் மிதவைச் சங்கிலியின் கண்ணியைப் படகிலிருந்தே எண்ணலாம், எனக்கு முதலில் தலை சுற்றியது, மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல. வடக்கே மதாபா என்று ஒரு பாறை இடுக்கு இருக்கிறது, அந்தக் காலத்தில் அரசர்கள் குளித்த இடமாம். மேலே ஒரு முழம் நல்ல தண்ணீர், பல்லைக் கிட்டும் குளிர். அதற்குக் கீழே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். இரண்டும் சேரும் இடம் எண்ணெய் ஊற்றின மாதிரி மங்கலாகத் தெரியும். திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் உன்னைக் குளிப்பாட்டியபோது, கடலுக்குப் பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் வருகிறது என்று நச்சரித்தாயே, அன்றைக்கு மழுப்பினேன். இங்கே கண்ணால் பார்த்துவிட்டேன்: உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு, மேலே மிதக்கிறது.

பாம்பும் உண்டு. பயப்படாதே. கடுவாலி என்று பெயர், கறுப்பு வெள்ளைப் பட்டையோடு, நம் கட்டுவிரியனின் கடல்வழிச் சொந்தம் மாதிரி இருக்கும், பெயரும் கிட்டத்தட்ட அப்படியே. விஷம் கடுமை, சுபாவம் சாது. மூச்சு வாங்கப் படகருகே மேலே வரும், என்னைப் பார்க்கும், போய்விடும். தினமும் வருவதால் இப்போது உங்கப்பா "உன் சிநேகிதி வந்தாச்சு" என்கிறார்.

இது ஆகஸ்ட், திமிங்கிலங்கள் குட்டி போடத் தெற்கிலிருந்து வரும் பருவம். மூன்றாம் ராத்திரி, தூக்கத்தில், யாரோ பக்கத்தில் பெருமூச்சு விட்டது போல் கேட்டது. உங்கப்பா என்று நினைத்துத் திட்டினேன். அவர் மேலே தளத்தில் நின்றிருந்தார். படகிலிருந்து இரண்டு ஆள் தூரம்கூட இருக்காது, ஒரு தாயும் குட்டியும். தாய் மெதுவாக ஒரு மூச்சு, குட்டி அவசரமாக இரண்டு மூச்சு. விளக்குப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காத நாடு இது, 2020-இல் நாடு முழுவதையுமே 'இருள்வான' இடமாக அறிவித்திருக்கிறார்கள். நட்சத்திரம் தண்ணீரிலும் தெரிந்தது, திமிங்கிலம் மூச்சு விட்டபோது அது கலைந்து மறுபடி கூடியது. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது, சொல்.

1774-இல் கேப்டன் குக் இங்கே இறங்கப் பார்த்தார், ஊர்க்காரர்கள் கல்லையும் ஈட்டியையும் எறிந்து விரட்டிவிட்டார்கள். கோபத்தில் 'காட்டுமிராண்டித் தீவு' என்று வரைபடத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார், அந்தப் பெயர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டது. வாயெல்லாம் சிவப்பாக ஓடி வந்தார்களாம். அது ஒரு வகைச் செவ்வாழையின் சாறு என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். வெற்றிலை குதப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நம் ஆச்சியைப் பார்த்திருந்தால் தூத்துக்குடிக்கு என்ன பெயர் வைத்திருப்பாரோ. இந்தக் 'காட்டுமிராண்டிகள்' காரில் போகும்போது எதிரில் வரும் ஒவ்வொருவருக்கும் கை தூக்குகிறார்கள், தூக்காவிட்டால் அதுதான் மரியாதைக் குறைவு. நடந்து போனால் நாலு நிமிஷத்தில் யாராவது வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார்கள்.

அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு அம்மாவின் வீட்டுக்குத்தான் போன சனிக்கிழமை போனோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அடுப்பில் டாலோ. வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான்! மெல்லிசாகச் சீவி, நடுநடுவே பப்பாளி வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இலையில் கட்டிச் சுட்டிருந்தார்கள், தாகிஹி என்று பெயர். சேப்பங்கிழங்கை வறுக்கத்தான் தெரியும் எனக்கு, இந்தப் பக்குவத்தைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டதும் அந்தம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்கள், நானும் போனேன். பூட்டிய வீடு, முன்னால் ரோட்டோரம் வெள்ளையடித்த சமாதி, இங்கே அவரவர் நிலத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். வீடு மூத்த மகனுடையது, அவன் ஆக்லாந்தில். உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்கள், மெத்தையைத் தட்டினார்கள், குழாயைத் திறந்து செம்மண் நிறத்தில் வந்த தண்ணீர் தெளியும் வரை விட்டார்கள், சுவரில் இருந்த பள்ளிக்கூடப் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பு மாதிரி தோளில் கிடந்த துணியால் துடைத்தார்கள். ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு மறுபடி பூட்டினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும். அந்தத் தெருவில் ஆளிருக்கும் வீட்டைவிடப் பூட்டிய வீடுதான் அதிகம், சிலவற்றில் கூரைக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. 1960-களில் 5,000 பேருக்கு மேல் இருந்த தீவு இது. நியூசிலாந்து பாஸ்போர்ட் கையில், பிறகு விமானமும் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார்கள். இப்போது நியூசிலாந்தில் மட்டும் 30,000 நியுவேக்காரர்களுக்கு மேல். நிலம் குடும்பத்துக்குப் பொது, விற்க முடியாது, அதனால் வீடு அப்படியே நிற்கிறது. 2004 ஜனவரியில் ஹெட்டா புயல் வந்தபோது அலை முப்பது மீட்டர் பாறைமேல் ஏறி அலோஃபியில் ஆஸ்பத்திரியையே கொண்டுபோய்விட்டது, அதற்கப்புறம் போனவர்களும் உண்டு. நமக்கு அதே வருஷம் டிசம்பர். அந்தம்மாவிடம் சொன்னேன், ஒன்றும் பேசவில்லை, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்கள்.

பூட்டும்போது கேட்டார்கள்: "உன் வீட்டை யார் திறக்கிறார்கள்?"

"என் மகள்" என்றேன். "சென்னையிலிருந்து மாசம் ஒரு தடவை ரயிலில் போய்."

அந்தம்மாவுக்கு அது புரியவே இல்லை. பிள்ளை வீட்டைத் திறக்கிறாள், அப்பா அம்மா கடலில் சுற்றுகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படகில் வந்து படுத்தபோதுதான், நீ ஒரு தடவை முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காமல் கதவோரம் உட்கார்ந்து போனதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் "ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். இனி மாசாமாசம் போக வேண்டாம், பாப்பா. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவிடு, நான் பேசிக்கொள்கிறேன். உனக்குப் போகத் தோன்றும்போது போ.

நாளை மறுநாள் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடிக்கும் என்று வானிலைப் படம் சொல்கிறது, மிதவைகளில் பாதி இப்போதே காலி. நாளைக் காலையில் நாங்களும் அவிழ்க்கிறோம். அடுத்தது டோங்காவின் வவாவு, 240 மைல் போல, இரண்டு நாள். நடுவில் தேதிக்கோடு, ஒரு நாள் காணாமல் போகும். நீ சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவாயே, இங்கே எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை. வவாவுவிலும் மூன்றரைதான், ஆனால் சனிக்கிழமை. மணி மாறாது, கிழமைதான் மாறும், அதனால் நீ எப்போதும் போலக் கூப்பிடு. எடுக்காவிட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துக்கொள், உடனே மாமாவுக்கெல்லாம் போன் போடாதே.

மாடி அறை ஜன்னலின் இடதுபக்கக் கொக்கி லூசு, அக்காவிடம் சொல்லிவிடு, காற்றில் அடித்துக்கொண்டு கண்ணாடி உடையும்.

அம்மா