சுவரில் ஒரு கரையாவது போடு, பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். காலபோக வெட்டு முடிந்து நெல் மூட்டைகள் விறாந்தையில் கிடக்கின்றன. விலையைப் பற்றித் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான், நான் எழுதவில்லை. அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. சின்ன மாமாவின் காணி அலுவல் இன்னும் முடியவில்லை. மருமகன் அம்மாவுக்கு அனுப்பிய மருந்து முடிகிறது. அதைப் பற்றி அவரிடம் நீ கேட்கவேண்டாம், முல்லைத்தீவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளையார் கோயிலுக்கு 12 ஆண்டுகள் நிறைகின்றன. பாலஸ்தாபனம் செய்துவிட்டார்கள், வைகாசியில் கும்பாபிஷேகம். வர்ணம் தீட்ட வெளியூரிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்து மடத்தில் தங்கியிருக்கிறார்கள். சுறுசுறுப்பானவர்கள். ஸ்பிரே அடித்து ஒரு காலைப் பொழுதில் மண்டபத் தூண்களை முடித்துவிடுகிறார்கள். வாகனங்களையும் சபை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டது. மயிலின் பழைய தீந்தையைச் சுரண்டத் தொடங்கிய அன்று நான் போய் நின்றேன். கழுத்தையும் தோகையையும் சுரண்டுங்கள், கண்ணை மட்டும் தொடாதீர்கள் என்று சொன்னேன். தலைவர் ஏன் என்று கேட்டார். அது என் மகள் வைத்த கண் என்றேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை.

நீ அந்தக் கண்ணை வைத்தது எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. கல்லில் செதுக்கிய மூர்த்திக்கு ஸ்தபதி கடைசியில்தான் கண் திறப்பார், அதுவரை அது கல்தான். வாகனத்துக்கும் நாங்கள் அதே முறையைத்தான் வைத்திருக்கிறோம். உடம்பெல்லாம் முடிந்த பிறகு அணில்வால் தூரிகையை உன் கையில் தந்தேன். கருமணியை வைத்துவிட்டு, அது காயும்வரை பேசாமல் காத்திருந்தாய். பிறகு அதன்மேல் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை நடுவில் வைத்திருந்தால் அது பொம்மைக் கண்ணாகப் போயிருக்கும். கிழக்கு வாசல் வெளிச்சம் எந்தப் பக்கமாக விழும் என்று திரும்பிப் பார்த்து, அந்தப் பக்கத்து மேல்மூலையில் வைத்தாய். அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. சாமி காவுகிறவர்கள் இன்றைக்கும் மயிலைத் தோளில் ஏற்றுமுன் அதன் கண்ணைப் பார்க்கிறார்கள். ஒரு கடுகளவு தீந்தை, பிள்ளை. இந்த ஊரில் என் கையால் எழுதிய பலகை எத்தனையோ உண்டு, ஒன்றையும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கோயில் புதினத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனம் உன் பொங்கல் படத்துக்கே போகிறது.

பானை அழகாக இருந்தது. நீ மெலிந்திருக்கிறாய். சேலை அம்மா அனுப்பியதுதானே. உனக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அடுப்புக்கு மேல் நீ தீந்தையால் போட்டிருந்த மாங்காய்க் கரை எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. வீடு மாறுவது எல்லாருக்கும் நடப்பதுதான், நாங்கள் மாறாத வீடா? 2009 மேயில் போர் முடியும்வரை எங்கெங்கே தறப்பாள் கட்டினோம் என்று உனக்கும் தெரியும். ஆனால் மாறினால் ஒரு வரி எழுதலாம். முகவரி எது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்து, படம் எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். முன்பு ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பாய். இப்போது வேலை அப்பா, பிறகு எடுக்கிறேன் அப்பா, அவ்வளவுதான். வேலை செய்கிற பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது. இருந்தும் சொல்கிறேன்.

வெறுஞ்சுவரோடு இருக்காதே. வாடகை வீடு, வீட்டுக்காரர் விடமாட்டார் என்பாய். அப்படியானால் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் போடு. அதுவும் முடியாவிட்டால் ஒரு பலகைத் துண்டில் போட்டுச் சுவரோடு சாய்த்து வை. செட்டிக்குளம் முகாமில் எங்களுக்குச் சுவரே இருக்கவில்லை. தண்ணீர் வரிசையில் எல்லாருடைய வாளியும் ஒரே நிறம். பக்கத்துக் கூடாரப் பிள்ளையிடம் நகப்பூச்சு வாங்கி, எங்கள் வாளியில் ஐந்து இதழில் ஒரு சிவப்புப் பூ வரைந்தவள் நீ. அம்மா அந்தப் பூவைப் பார்த்துத்தான் வாளியைத் தூக்குவார். இந்தக் காலத்தில் இதற்கு மனம் எப்படி வருகிறது என்று ஒரு வயதான ஐயா உன்னைக் கேட்டார். மூன்றாம் நாள் தன் வாளியையும் கொண்டுவந்து நீட்டினார்.

திரும்பி வந்தபோது காணி எது, ஒழுங்கை எது என்று தெரியவில்லை. ஆளுயரப் பற்றை. ஈரச் சீமெந்தில் கீறி நீலம் பூசிய 1987 என்ற ஆண்டு கிணற்றுக்கட்டில் தெரிந்த பிறகுதான் அம்மா கீழே உட்கார்ந்தார். அந்த நீலம் பாதி போயிருந்தது. மற்றப் பாதியை இன்றுவரை நான் கழுவவில்லை.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம். வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கட்டம் கட்டமாக. வடக்கிலும் கிழக்கிலுமாக 46,000 வீடுகள் என்றார்கள். அத்திவாரம் பார்த்து ஒரு பகுதி, சுவர் பார்த்து ஒரு பகுதி, கூரை பார்த்து ஒரு பகுதி. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, தலைக்கு மேல் ஓடு வந்தது அந்தப் பணத்தால்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் ஒரே முகத்தோடு நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குள் போய்விடுவார்கள். முதலில் நாங்கள்தான் நிலைக்கு மேல் கரை போட்டோம். அதைப் பார்த்து எதிர்வீட்டார் வாசலின் இரண்டு பக்கமும் நிறைகுடம் கேட்டார்கள். கடைக்கார அண்ணை ஜன்னல் சட்டங்களுக்குப் பச்சை அடித்தார். மூலை வீட்டில் அடிச்சுவருக்குச் செம்மண் நிறத்தில் பட்டை, மண்வீட்டுக்குப் போடுவதுபோலவே. மழைச் சேறு தெறித்தால் தெரியாது என்பது அதற்குச் சொல்லுகிற காரணம். பழைய வீட்டை நினைத்துத்தான் போட்டார் என்பது எனக்குத் தெரியும். மேற்கு வீட்டு அக்காவின் படலைப் பெயரை இந்த மாரிக்குப் பிறகும் புதுப்பித்துக் கொடுத்தேன். மகன் வந்தால் வீடு தெரியவேண்டும் என்று இன்னும் சொல்கிறார்.

தீந்தை விலை கூடிவிட்டது என்று சாட்டுச் சொல்லாதே. சீமெந்துகூட வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் கரியும் சுண்ணாம்பும் செம்மண்ணும் வைத்து இந்தக் கை பலகை எழுதியது. மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்தால் சிவந்துவிடும், சேர்க்காமல் பூசினால் வெயிலில் வெளுத்துவிடும். இரண்டும் உனக்குத் தெரியும், பத்து வயதில் இரண்டையும் செய்து பார்த்தவள் நீ. உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தீந்தைக் கடை இருக்குமே.

லண்டன் போன முதல் வருடம் நீ அனுப்பிய அந்த ஓவியப் படத்தை இன்னும் என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். தேசிய ஓவியக்கூடத்துக்கு டிக்கெட் இல்லை அப்பா, எத்தனை தரமும் போய்ப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். யான் வான் ஐக் 1434இல் பலகையில் தீட்டியது, ஏறக்குறைய 82 சென்ரிமீற்றர் உயரம், 60 அகலம். எங்கள் சாமி அறைக் கதவின் பாதிகூட இல்லை. அதற்குள் ஒரு வீட்டையே வைத்துவிட்டார். கழற்றிவிட்ட மிதியடி, ஜன்னலோரத்தில் தோடம்பழம், ஒரு நாய்க்குட்டி, பகலிலும் எரிகிற ஒற்றை மெழுகுதிரி. கணவன் மனைவி முகத்தைவிட நான் அதிக நேரம் பார்ப்பது பின்சுவரில் உள்ள வட்டக் கண்ணாடியை. அதன் சட்டத்தில் இயேசுவின் பாடுகள் பத்துக் காட்சிகளாக, ஒவ்வொன்றும் நகமளவு. ஒருவரும் கிட்டப்போய் எண்ணப்போவதில்லை என்று அவர் நினைத்திருந்தால் பத்துப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கண்ணாடிக்கு மேல் தான் இங்கே இருந்ததாகச் சுவரில் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கிறார். பலகை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எழுத்தின் வளைவுகளை ஒரே மூச்சில் இழுத்திருக்கவேண்டும், நடுங்கிய இடம் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கண்ணாடிக்குள் வாசலில் நிற்கும் இரண்டு பேர் தெரிகிறார்கள் என்று நீதான் எனக்குக் காட்டித் தந்தாய்.

உன் பொங்கல் படத்திலும் பின்னால் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுத்தவர் அதில் தெரிவார் என்று நினைத்தேன். ஏதோ ஒன்றில் சாய்த்து வைத்த தொலைபேசி மட்டும் தெரிந்தது.

அம்மாவுக்கு அந்தப் படத்தைச் சிறிதாகவே காட்டினேன். வடிவாக இருக்கிறாள் என்று சொன்னார். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவருடைய வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

சமாதான காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, உங்கள் இரண்டு பேரையும் சிகிரியாவுக்குக் கூட்டிப்போனோமே. தம்பி படியில் ஏறப் பயந்து அழுதான். அங்கே ஒரு பெண்ணுருவத்துக்கு மூன்று கை இருப்பதை நீ கண்டுபிடித்துக் கத்தினாய். ஓவியர் முதலில் ஒரு விதமாகக் கையை வைத்து, அது சரிவராமல் பிறகு மாற்றி வரைந்திருக்கிறார். பழைய கோடு இன்னும் தெரிகிறது. காசியப்பன் காலம், 5ஆம் நூற்றாண்டு. அந்த மூன்றாவது கையைக் கண்டு அவருடைய தொழிலைப் பழித்தவர் ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை. உலகம் முழுவதும் இருந்து வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். போட்ட கோட்டை மாற்றிப் போடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பிள்ளை. ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிப்பாய். ஊரை நான் பார்த்துக்கொள்வேன். மயிலின் கண்ணுக்காகச் சபையின் முன் நின்றவன் உனக்காக நிற்கமாட்டேனா?

நேரத்துக்குச் சாப்பிடு. சுவரை வெறுமையாக விடாதே. இரவு வேலை என்றால் விடியப் படுக்கும்போது ஜன்னல் திரையைப் போட்டுக்கொள். சுவரை வெறுமையாக விடாதே என்று எழுதிவிட்டேனா தெரியவில்லை, மறுபடியும் எழுதுகிறேன்.

வைகாசியில் வர முடிந்தால் வா. தனியாக வருவதானாலும் வா. உன் அறையை இன்னும் பூசவில்லை, நிறத்தை நீ சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு இந்த நெல் போதாது, ஆனால் சின்ன மாமாவிடம் பேசியிருக்கிறேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

வர முடியாவிட்டால் ஒன்று செய். பெரியம்மாவின் மகன் சித்திரை வருடப்பிறப்பு முடிய லண்டன் திரும்புகிறான். தடித்த துணியில் மாங்காய்க் கரை தீட்டி அவனிடம் கொடுத்துவிடுகிறேன். சுருட்டினால் ஒரு கைத்தடி அளவுதான், பயணப் பொதிக்குள் அடங்கும். ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் ஒட்டுவதற்கு வசதியாக ஓரம் மடித்துத் தைத்துத் தருவதாக அம்மா சொல்கிறார். ஆக, அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நீ இருக்கிற இடத்தின் சுவரை அளந்து அனுப்பு. எந்த இடம், யாருடைய இடம் என்று எழுதத் தேவையில்லை, அளவு மட்டும் போதும். அடியில் அளந்தாலும் சரி, சென்ரிமீற்றரில் அளந்தாலும் சரி. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள துண்டைத் தனியாக எழுது, மூலையில் மாங்காய் பாதியில் வெட்டுப்படக்கூடாது. பங்குனி முடியுமுன் அளவு வந்தால்தான் தீந்தை காய நாள் இருக்கும்.

அன்புடன்,
அப்பா