குடலும் மனமும்: கட்டுரையில் விடுபட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையை, என் கடைக்கு வந்த ஒரு தாயாரின் கையில்தான் முதலில் பார்த்தேன். கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். அந்தப் பக்கத்தை இதழிலிருந்து கிழித்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார் அவர். "மகிழ்ச்சி தரும் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது" என்ற வரியின் கீழ் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். (செரட்டோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்.) கல்லூரியில் படிக்கும் தம் மகனுக்கு மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை எட்டு மாதங்களாக என்னிடம் வாங்கி வருபவர், அன்று அந்தச் சீட்டை எடுக்கவே இல்லை. "தம்பி, கோளாறு வயிற்றில் இருக்கும்போது தலைக்கு எதற்கு மாத்திரை? நல்ல பாக்டீரியா கேப்சூல் இருக்கிறதாமே, அதைக் கொடுங்கள்" என்றார்.

கட்டுரை பொய் சொல்லவில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்துவைத்தபோது, சாதாரணச் சுண்டெலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்தன. பிஃபிடோபாக்டீரியம் வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகை தணிந்தது. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் கனடா நாட்டவருடன் சேர்ந்து லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியா வகையின் ஜேபி-1 ரகத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. ஆனால் வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளில் அந்தப் பலன் தெரியவில்லை. செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றும், வயிற்றில் பால் வார்த்தாய் என்றும் அன்றாடம் பேசுகிற நமக்கு இவை புதுமையாகத் தோன்றாது. எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதே என் அச்சம்.

அந்தத் தாயார் கோடு போட்ட வரியையே எடுத்துக்கொள்வோம். செரட்டோனினில் பெரும்பகுதி குடல்சுவரின் செல்களில் உருவாவது உண்மை. ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் மூளைக்குள் போவதில்லை. ரத்தத்திலிருந்து கண்டதையும் மூளைக்குள் நுழையவிடாத தடுப்பு ஒன்று இருக்கிறது, அதை அது தாண்டாது. மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் இருப்பதற்கு முதன்மையான வேலை உணவை நகர்த்துவது. மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் பலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு, செரட்டோனினின் செயலைக் கூட்டும் அந்த மாத்திரை குடலிலும் அதைக் கூட்டுவதே ஒரு முக்கியக் காரணம். அந்த நாட்களிலேயே பயந்து மாத்திரையை விட்டுவிடுபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இந்த ஒரு விளக்கம் கட்டுரையில் இருந்திருந்தால் 90 சதவீதம் என்ற எண் யாரையும் வழிமாற்றியிருக்காது.

எலியில் கண்டது மனிதரிலும் நடக்குமா என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. அதே ஜேபி-1 ரகத்தை அதே கார்க் நகரக் குழுவினர் நலமாக உள்ள 29 ஆண்களுக்கு எட்டு வாரச் சோதனை ஒன்றில் கொடுத்துப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பாக்டீரியா ஏதும் இல்லாத வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. தங்கள் கண்டுபிடிப்புக்கே எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். 2019-இல் பெல்ஜியத்தில் 1,054 பேரை ஆராய்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் ஆகிய இரு வகை பாக்டீரியா குறைந்திருந்தன. அவர்கள் சாப்பிட்டுவந்த மாத்திரைகளின் தாக்கத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் அப்படியே இருந்தது. இது முக்கியமான செய்தி. ஆயினும் பாக்டீரியா குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்ந்துபோய்ச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததால் பாக்டீரியா குறைந்ததா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

கேப்சூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன்னியும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். ஆனால் ஒன்றின் குணத்தை மற்றொன்றுக்கு நாம் ஏற்றிச் சொல்வதில்லை. லாக்டோபாசில்லஸ் என்ற பெயர் மட்டும் அச்சிட்ட டப்பாவும் அப்படித்தான். எந்த ரகம் என்று தெரியாமல் அதன் பலனைப் பேசவே முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ரகத்தை அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்பது இதனால்தான். வீட்டில் உறை ஊற்றும் தயிரும் பழைய சோறும் நல்ல உணவுகள். நானும் அன்றாடம் உண்கிறேன். அவற்றை மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்லி விற்கவோ எழுதவோ நம்மிடம் ஆதாரம் இல்லை.

உணவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்குக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் நிறைந்த உணவுமுறையை 12 வாரங்கள் பழக்கினார்கள். அவர்களில் 32 சதவீதத்தினர் நோய்நிலையிலிருந்து மீண்டனர், பேச்சுத்துணை மட்டும் கிடைத்த மறுபாதியில் 8 சதவீதத்தினரே மீண்டனர். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் மாத்திரையையோ மனநல ஆலோசனையையோ விடாமல் தொடர்ந்தவர்கள். உணவு சிகிச்சையோடு சேர்ந்து வந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

மனச்சோர்வுக்கான மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும். அடங்கியிருந்த நோயும் திரும்பக்கூடும். நிறுத்துவதானால் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இதைத் தங்கள் அடுத்த இதழில் ஒரு கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். மனநல ஆலோசனைக்கான மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416 என்பதையும் கூடவே அச்சிடுங்கள். அந்த எண் என் கடைக்கு வருபவர்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

அரைமணி நேரம் பேசிய பிறகு அந்தத் தாயார், மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லி, அட்டையிலிருந்து 15 மாத்திரை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டார். அவை தீருவதற்குள் தங்கள் அடுத்த இதழ் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.