ஃபிரெஸ்னோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு முட்டிவலி குறைந்ததா? "அமெரிக்காவில் அத்தனை ஆஸ்பத்திரி இருக்கும்போது வீடுவீடாகப் போக ஆள் எதற்கு?" என்று போனில் சிரித்தாய். கிராம சுகாதாரச் செவிலியரே இப்படிக் கேட்கலாமா?

ஃபிரெஸ்னோவைச் சுற்றித் திராட்சையும் பாதாமும்தான். தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். கலிபோர்னியாவில் கர்ப்பிணி என்றால் குடியேற்றக் காகிதம் இல்லாவிட்டாலும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் உண்டு. பிரசவத்துக்குப் பிறகும் ஒரு வருஷம் தொடரும். தாய்க்கும் குழந்தைக்கும் சத்துணவு தருகிற விக் திட்டத்தில் பால், முட்டை, பீன்ஸ், சோள டார்ட்டியா கிடைக்கும். ஆனால் படிவத்தில் பெயர் கொடுத்தால் நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இதனால் சிலர் ஆறு மாதம் முடிந்த பிறகுதான் முதல் தடவையாகப் பரிசோதனைக்கு வருகிறார்கள்.

அவர்களை அழைத்து வருபவள் ப்ரொமோத்தோரா. நர்ஸ் இல்லை, அவர்களுக்குள்ளேயே ஒருத்தி, பயிற்சி எடுத்தவள். சர்ச் வாசல், சந்தை, காசு போட்டுத் துணி துவைக்கும் கடை என்று பெண்கள் கூடுகிற இடமெல்லாம் அவளைப் பார்க்கலாம். மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து வந்த சிலருக்கு ஸ்பானிஷே சரியாக வராது, மிக்ஸ்டெக்தான் தாய்மொழி. அவர்களுக்கு அந்த மொழி பேசுகிறவளே வேண்டும். உன் வேலைதான், ஆனால் உன்னைப் போல நிரந்தரம் கிடையாது. மானியம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. எனக்கு ஆத்திரமே வரும்.

பரிசோதனையையும் சில இடங்களில் கூட்டமாக வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரசவம் ஆகப் போகிற எட்டு, பத்துப் பேர். தங்கள் ரத்த அழுத்தத்தையும் எடையையும் தாங்களே பார்த்துக் குறித்துக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். டாக்டரிடம் வாய் திறக்காதவர்கூட அங்கே பேசுவார்.

நீ ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தே அலுத்தவள், இதைக் கேள். இங்கே 1998-லிருந்து செறிவூட்டிய கோதுமை மாவில் ஃபோலிக் ஆசிட் கட்டாயம். டார்ட்டியா செய்கிற சோள மாவில் அதைச் சேர்க்க 2016-ல்தான் அனுமதியே கிடைத்தது, அதுவும் விருப்பப்பட்டால். அந்தச் சத்துக் குறைந்தால் வரக்கூடிய முதுகுத்தண்டுக் குறைபாடு, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குழந்தைகளிடம் மற்றவர்களைவிட அதிகம். சோள மாவிலும் ஃபோலிக் ஆசிட்டைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது 2026 ஜனவரி 1 முதல். 28 வருஷம்! சாப்பிடுகிறவர் யார் என்று பார்க்காமல் போட்ட திட்டம்.

பிரசவமானால் அவர்களுக்கும் நாற்பது நாள் உண்டு. கோழி சூப், குளிர்ச்சி ஆகாது, வயிற்றில் துணிக்கட்டு. அம்மாவோ மாமியாரோ எல்லைக்கு அந்தப் பக்கம். பத்தியம் சமைத்துப் போட ஆள் இல்லை. குழந்தை அழுதால் தானும் அழுகிற பெண்களை ப்ரொமோத்தோராதான் கண்டுபிடித்துச் சொல்கிறாள். கண் படாமலிருக்க மணி கோத்த சிவப்புக் கயிறு கட்டுவார்கள். அதை அவள் கழற்றச் சொல்வதில்லை. மணி வாய்க்குள் போகாதபடி பார்த்துக்கொள் என்பாள், அவ்வளவுதான். குழந்தையோடு உன் மொழியிலேயே பேசு, ஆங்கிலம் பள்ளியில் தானாக வரும் என்றும் சொல்வாள். நம் ஆட்களுக்கும் யாராவது சொன்னால் தேவலை.

அப்புறம், உங்கள் வட்டாரச் சமுதாய வளைகாப்புக்குக் கணவன்மார் வருகிறார்களா? இங்கே கூட்டத்தில் கணவன்மாரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. இனி சனிக்கிழமை சாயங்காலத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். நீ என்ன செய்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் தங்கை