கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு பூப்பந்துக் கடிதம்

அன்புள்ள மாப்ளே,

எட்டு வருசமாக சுங்கை சிப்புட் டேவானில், அதாவது ஊர் மண்டபத்தில், எனக்குப் பின்னால் நின்று பூப்பந்து (பேட்மிண்டன்) இரட்டையர் ஆடியவன் நீ. ஞாயிற்றுக்கிழமையோடு உனக்கு வேறு ஜோடி. நேரில் சொன்னால் ராக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று தே தாரிக் கடையில் பசங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "மொதல் ராத்திரியே ஸ்மாஷ்தான்டா, எத்தனை கேம்னு காலையில கணக்குச் சொல்லணும்" என்று மேசையைத் தட்டினார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் சொன்னது பூப்பந்துக்கும் பொருந்தாது, மற்றதுக்கும் பொருந்தாது.

பேரைப் பார், பூப்பந்து. 16 இறகு, எடை ஐந்து கிராமை ஒட்டித்தான். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் 2023-இல் அதை மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து உலகச் சாதனை செய்தார். அவ்வளவு வேகமும் மட்டையை விட்டுக் கிளம்பும் நொடியில் மட்டும்தான். வலையைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் காற்று அதைப் பிடித்து இழுத்துவிடும். முரட்டு வேகம் மறுபக்கத்துக்கு முழுசாகப் போவதே இல்லை, மாப்ளே.

எந்த ஆட்டமும் ஸ்மாஷில், மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடியில், தொடங்குவதில்லை. ஆட்டத்தைத் தொடங்க சர்வ் போடும்போது பந்து தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. கீழே, மெதுவாக, வலையை உரசாமல் உரசுகிற மாதிரி. நல்ல ஆட்டக்காரன் கை அங்கேதான் தெரியும். உன் தாத்தா ரப்பர் பால்மரம் சீவிய கையை நினைத்துப் பார். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும் என்று அவர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

எனக்கு மிகப் பிடித்த விதி இன்னொன்று. எதிரில் நிற்பவர் தயாராகும் முன் சர்வ் போடக்கூடாது. அவர் பதிலுக்கு மட்டையை வீசினால் தயார் என்று கணக்கு. போடுவதுபோல் பாவனை காட்டி ஏமாற்றுவதும் தப்பு. உன் மணப்பெண் எதிர்ப்பக்கமா என் பக்கமா என்று கேட்பாய். இரண்டும்தான். அதுதான் இந்த ஆட்டத்தின் ருசியே.

கலப்பு இரட்டையர் ஆட்டத்தை உட்கார்ந்து பார். 2025-இல் நம் மலேசியாவின் சென் தாங் ஜியும் தோ ஈ வெய்யும் உலகப் பட்டம் வென்றார்களே, அதைப் பார். பெண் பெரும்பாலும் முன்னால், வலையோரம். எங்கே போவது, எப்போது போவது என்று வழி திறப்பவள் அவள். பின்னால் நிற்பவன் அவள் தோளைப் பார்த்தே காலை எடுத்து வைக்கிறான்.

இன்னொரு சங்கதி, காதோடு. உலர்ந்த இறகு முதல் அடியிலேயே ஒடிந்துவிடும் என்று பந்து அடுக்கிய குழாயில் ஆவி காட்டி வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டு போ.

நானும் என் வீட்டுக்காரியும் பதினோரு வருசமாக ஆடுகிறோம். ஆட்டம் முடியும் 21 புள்ளி வரை போன இரவுகள் உண்டு. 11 புள்ளியில் இடைவேளை விட்டு, தண்ணீர் குடித்து, பேசிக்கொண்டே தூங்கிப்போன இரவுகளும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் இன்னும் இனிப்பு. கணக்கு யாருக்கும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே, அந்தக் கடையில் யார் கேட்டாலும்.

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு கோர்ட் வழக்கம்போல் நம் பேரில்தான் இருக்கிறது. வந்துவிடாதே. உன் இடத்தில் என் வீட்டுக்காரி ஆடுவாள்.

உன் பழைய ஜோடி