அந்த ஸ்கோர் துண்டு பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமையாக எங்கள் கம்ப்யூட்டர் கடையைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. மெஷினின் வேகத்தை அளந்து நாங்கள் எழுதித் தரும் ஸ்கோர் துண்டைப் பற்றியது அது. ரியூசன் வாசலில் தொடங்கியது, போன ஞாயிறு மீன் சந்தையில் எனக்கே வந்து சேர்ந்தது. "அவங்கள் ரெஜிஸ்ட்ரியில எதையோ மாத்தி ஸ்கோரை ஏத்திக் காட்டிக் காசு வாங்குறாங்கள். வீட்ட கொண்டு போனா பாதி வேகம்தான்." பக்கத்தில் நிற்பவன்தான் கடைக்காரன் என்று தெரியாமல் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பாரை மீனுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அப்படி வந்தது பிழை என்று வீட்டில் சொன்னார்கள். அதனால்தான் இந்த மடல்.

ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில், கை வைத்தது உண்மை. கட்டடக்கலை படிக்கும் பிள்ளை ஒருவரின் மெஷின், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நீண்ட ரெண்டர் (படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலை) ஓடும்போது திரை கறுத்து நின்றது. கிராஃபிக்ஸ் கார்டு 2 செக்கனுக்குள் பதில் தராவிட்டால், அது மாட்டிக்கொண்டது என்று நினைத்து விண்டோஸ், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி தொடக்கிவிடும். ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற இடத்தில் அந்த 2ஐ 10 ஆக்கினால் பெரிய ரெண்டருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு அது செய்ய வேண்டிய வேலைதான். எங்களிடம் இருந்த டெக்னீஷியன் தம்பி அதோடு, 2020 மே மாத விண்டோஸ் 10 பதிப்பில் வந்த ஜிபியு ஷெடியூலிங்கையும் (கார்டு தன் வேலை வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி) சேர்த்து, ஒரு ரெஜ் கோப்பாகப் பென் டிரைவில் வைத்திருக்கிறார். பிறகு சர்வீசுக்கு வந்த மற்ற மெஷின்களிலும் அதையே இரட்டைக் கிளிக் பண்ணியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. தம்பி இப்போது டோஹாவில். ஆறு வருடம் இருந்தவர், கை சுத்தமானவர், குறை சொல்ல மனமில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் "ஸ்கோரை ஏற்றினார்கள்" என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. டிடிஆர் டிலே காத்திருக்கும் நேரம் மட்டுமே. 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தை ஹோல்ட்டில் 2 நிமிடத்துக்குப் பதிலாக 10 நிமிடம் நின்றால் அதன் வேகம் கூடுமா? சந்தேகம் எனக்கும் வரக்கூடாது என்று, அன்றைக்கே பின்னேரம் கதவை மூடிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் ஒன்றை எடுத்து வைத்தேன். ரெஜிஸ்ட்ரியைப் பழையபடி ஆக்கி, மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி, வேகத்தை அளக்கும் த்ரீடிமார்க் டைம் ஸ்பை சோதனையை ஓடவிட்டேன். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. புது டிரைவர், படத்தை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தயார் பண்ணுவதால் முதல் ஓட்டம் சில வேளை சறுக்கும். பிறகு மூன்று ஓட்டம். அந்த ரெஜ் கோப்பைப் போட்டு, மறுபடி ரீஸ்டார்ட் பண்ணி, இன்னும் மூன்று. கிராஃபிக்ஸ் ஸ்கோர் ஆறும் 8,650க்கும் 8,750க்கும் இடையில்தான் நின்றன. எந்த மூன்று எதனுடையது என்று மறைத்துவிட்டுக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

அப்படியானால் வீட்டில் ஏன் பாதி வேகம்? முறைப்பாடு சொன்ன வாடிக்கையாளர் தம்பியின் வீட்டுக்கு நானே போனேன். அம்மா தேத்தண்ணி தந்தா, முகம் மட்டும் சரியில்லை. எங்கள் துண்டில் அவர் விளையாடும் அதே விளையாட்டுக்கு 112 எஃப்பிஎஸ் (செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) என்று எழுதியிருந்தது. வீட்டுத் திரையின் மூலையில் 60. ஐந்து நிமிடம் பார்த்தேன், 59க்கும் இறங்கவில்லை, 61க்கும் ஏறவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கடையில் இருப்பது 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர், அதாவது செக்கனுக்கு 144 படம் காட்டக்கூடியது. தம்பியிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ், கார்டைத் திரையின் வேகத்துக்குக் கட்டிவைக்கும் வி-சிங்க்கும் போட்டிருந்தது. கார்டு களைக்கவில்லை, திரைக்காகக் காத்து நிற்கிறது. வி-சிங்க்கை நிறுத்தியதும் எண் 104க்குப் போனது. கூடவே படம் நடுவில் கிழிந்து கிழிந்து ஓடியது. "அங்கிள், முந்தினதே வடிவு" என்று தம்பியே மறுபடி போட்டுக்கொண்டார்.

112க்கு மிச்சம் இருந்த எட்டுக்கும் காரணம் இருந்தது. சிபியு மேசை அலுமாரிக்குள், கதவு சாத்தியபடி. அறை மேல்மாடியில், வெயில் நேரே இறங்குகிற பக்கம். கார்டு 83 பாகையில் நின்றது. அந்தச் சூட்டில் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்ததும் சூடு இறங்கத் தொடங்கியது. எங்கள் துண்டில் உள்ள எண் ஏசி அறையில் எடுத்தது என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்கோர் விளையாட்டு உலகத்தில் நடக்காததல்ல. 2001இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டின் டிரைவர், குவேக் 3 விளையாட்டை அதன் பெயரைக் கொண்டே அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. விளையாட்டுக் கோப்பின் பெயரை "குவாக்" என்று மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. அப்படிச் செய்ய டிரைவர் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது தூசி தட்டவும் பேஸ்ட் பூசவும். "துண்டு வேறு மெஷினுடையது" என்றும் யாரோ சொன்னார்களாம். ஒவ்வொரு துண்டிலும் கார்டின் சீரியல் இலக்கத்தின் கடைசி நான்கும் என் கையெழுத்தில் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

இனிமேல் கேட்காமல் ரெஜிஸ்ட்ரியைத் தொடமாட்டோம். தொட வேண்டி வந்தால், முதலில் பழையதைப் பிரதி எடுத்து உங்களுக்கும் தருவோம். துண்டில் டிரைவர் பதிப்பு, கார்டின் சூடு, மொனிட்டரின் ஹெர்ட்ஸ், வி-சிங்க் எல்லாம் இருக்கும். ஏற்கெனவே மாற்றிய மெஷின்களைக் கொண்டு வாருங்கள், இலவசமாகப் பழையபடி ஆக்கித் தருகிறோம். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், டிடிஆர் டிலே இருப்பது விண்டோஸின் பக்கத்தில். அந்த மாற்றத்தால் திரை 10 செக்கன் உறைந்ததைப் பார்த்து ஒருவர் சுவிட்சை அணைத்து, அவருடைய வரைபடக் கோப்பு போனது பற்றி அவருடன் தனியாகப் பேசியிருக்கிறோம்.

சர்வீஸ் கட்டணம் அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் 3,500 ரூபாயிலிருந்து 4,250 ரூபாய். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோதும் கூட்டாமல் இழுத்து வந்தோம், இனி முடியவில்லை.

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களிலும், டோர்ச் வெளிச்சத்தில் எங்களோடு கதைத்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். தெஹிவளையிலிருந்து சிபியுவை மடியில் வைத்து, பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து வரும் ஐயாவை நான் மறக்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புது ஆள் கிடைக்கும் வரை திருத்துவது நான்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வதால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். போயா (பௌர்ணமி) தினங்களில் கடை பூட்டு.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
காலி வீதி, வெள்ளவத்தை