மூண்டு வரி கல்லு காணும் பிள்ளை

பிள்ளை,

நேற்று ராத்திரி நீ போனை வைச்சாப்பிறகு எனக்கு நித்திரை வரேல்ல. கொம்மாவும் முழிச்சுத்தான் கிடந்தவ, ஆனா ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. விடிய பரந்தனுக்கு வேலைக்குப் போகமுதல் உனக்கு எழுதிப் போட்டிட்டுப் போவம் எண்டு இருந்து தட்டுறன். போனில நேர சொன்னா நீ "சரியப்பா சரியப்பா" எண்டு வைச்சிடுவாய், எழுதினா ஆறுதலா ரெண்டு தரம் வாசிப்பாய்.

வேலைக்கு எடுக்கமுதல் சும்மா ஒரு பெரிய அசைன்மெண்ட் செய்து தா எண்டு கேக்கிற கதை தான். "நாலாவது கொம்பனியும் இதைத்தான் கேக்குது அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கோணும்" எண்டு சொல்லேக்க உனக்குத் தொண்டை அடைச்சது. அது எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது.

பொங்கலுக்கு வந்து நிண்டனீ எல்லோ, மூண்டு நாள். பொங்கல் பானை பொங்கேக்க கூட நீ லப்டொப்போட. நான் அப்ப ஏசினனான், இப்ப அது மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு, ஏனெண்டா நீ என்ன செய்யிறாய் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்ல. பங்குச் சந்தையில இருக்கிற ஒரு கொம்பனியின்ர அஞ்சு வருச ஆண்டறிக்கையை எடுத்து, அதில இருந்து வரப்போற அஞ்சு வருசத்துக்கும் வருமானம் செலவு எப்பிடிப் போகும் எண்டு எக்செலில மொடல் செய்து, டிசிஎஃப், அதாவது வரப்போற காசு இண்டைக்கு என்ன பெறும் எண்ட கணக்குப் போட்டு பங்கு என்ன விலை பெறும் எண்டு கண்டுபிடிச்சு, இருபது பக்கம் ரிப்போர்ட்டும் பன்ரெண்டு சிலைட்டும், எல்லாம் அஞ்சு நாளில. ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழும்பி வந்து பாத்தன், நுளம்புத்திரி எரிஞ்சு முடிஞ்சு சாம்பல் நிலத்தில கிடக்குது, நீ விரலை ஸ்கிரீனில வைச்சு ஒவ்வொரு வரியா இறக்கிக்கொண்டு போறாய். "ஐந்தொகை ரெண்டு பக்கமும் சரிவருதில்லை அப்பா" எண்டனீ. கொம்பனியின்ர சொத்து ஒரு பக்கம், கடனும் முதலும் மற்றப் பக்கம், ரெண்டும் சமனா நிக்கோணுமாம். நான் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தனான். அரை மணித்தியாலம் கழிச்சு நீயே பிடிச்சிட்டாய், ஒரு வருசத்தின்ர பெறுமானத்தேய்வு, மெசின் கட்டிடம் பழசாகிறதுக்கு கணக்கில மட்டும் கழிக்கிற தொகை, காசுப்பாய்ச்சல் கூற்றில திருப்பிக் கூட்டுப்படாமல் விடுபட்டுப் போச்சுது. அதைப் போட்டவுடன ரெண்டு பக்கமும் ஒண்டாய் வந்து நிண்டுது. அப்ப உன்ர முகத்தைப் பாத்தன் பிள்ளை. தூக்குக்குண்டு ஆடி ஆடி வந்து சுவரோட நேர நிக்கேக்க எனக்கு வாற சந்தோசம் தான் அது.

அதைக் கேட்ட கொம்பனிக்கு அப்பிடிச் செய்து குடுத்ததுக்கு என்ன நடந்தது? நல்லா இருக்கு எண்டினமாம், பிறகு இன்னும் ரெண்டு கொம்பனியை அதோட ஒப்பிட்டுத் தா எண்டினமாம், பிறகு மூண்டு பேருக்கு முன்னால ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்த வேண்டிக் கிடந்தது, அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஈமெயில் போட்டாலும் பதில் இல்லை. இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூட ஆருக்கும் மனம் வரேல்ல.

உனக்கு நான் இதுவரை சொல்லாத கதை ஒண்டு இருக்கு. 2011, நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்த அடுத்த வருசம். நீ அப்ப சின்னப்பிள்ளை. கையில சாந்தகப்பை கூட சொந்தமா இல்லை, ஒராளிட்ட இரவல் வாங்கித்தான் வேலைக்குப் போறனான். கிளிநொச்சியில ஒரு கொந்தராத்துக்காரன் பெரிய களஞ்சியம் கட்டப்போறான், ஆறு மாச வேலை, மேசன்மார் வேணும் எண்டு கேள்விப்பட்டு விடியவே சைக்கிளில போயிட்டன். என்னோட சேத்து ஆறு பேர் வந்திருந்தவை. வேலையைப் பாத்துத்தான் எடுப்பன், ஆளுக்குப் பத்தடி, நெஞ்சு உயரத்துக்குக் கட்டிக் காட்டுங்கோ எண்டான். கல்லும் சீமெந்தும் தயாராக் கிடந்தது. வெயிலுக்குள்ள மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் கட்டினம், ஒராளை ஒராள் பாத்துப் பாத்து, இவனை விட நான் வடிவாக் கட்டோணும் எண்டு. பின்னேரம் எல்லாரின்ர பேரையும் கொப்பியில எழுதிப்போட்டு, சொல்லி அனுப்புறன் எண்டான். ஒருத்தருக்கும் சொல்லி அனுப்பேல்ல. ரெண்டு கிழமை கழிச்சு அந்த ரோட்டால போகேக்க பாத்தன், நாங்கள் ஆறு பேரும் கட்டின பத்துப் பத்தடியும் ஒண்டாச் சேர்ந்து, அறுவது அடி மதில், மேல பூச்சும் பூசி நிக்குது. அந்த மதில் இப்பவும் நிக்குது பிள்ளை. நான் கட்டின பத்தடி எது எண்டு எனக்குத் தெரியும், கேற்றில இருந்து மூண்டாவது.

கொம்மாக்குக் கூட நான் அப்ப சொல்லேல்ல. வெக்கம். ஏமாத்தினவன் வெக்கப்படேல்ல, ஏமாந்த நான் வெக்கப்பட்டன். நீயும் இப்ப அதைத்தான் செய்யிறாய், கூடப்படிச்ச பிள்ளையளுக்கும் சொல்லாமல் உனக்குள்ளயே வைச்சுக்கொண்டு, எனக்குத் தான் ஏதோ குறை எண்டு நினைக்கிறாய். இல்லை பிள்ளை.

சோதிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. மற்றவையின்ர காசோட விளையாடுற வேலைக்கு ஆளைச் சோதிக்காமல் எடுக்கேலாது, எடுக்கவும் கூடாது. 2012 கடைசியில இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கினாப்பிறகு, ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் கட்டம் கட்டமா வரும், அத்திவாரம் முடிஞ்சா ஒரு பகுதி, சுவர் எழும்பினா ஒரு பகுதி எண்டு. சனமெல்லாம் மேசன் மேசன் எண்டு திரிஞ்ச காலம், நானும் ஆக்களைச் சேர்க்க வேண்டி வந்தது. அப்ப நானும் ஒவ்வொருத்தனையும் சோதிச்சுத்தான் எடுத்தனான். மூண்டு வரி கல்லு வைக்கச் சொல்லுவன். நூல் கட்டுறானோ, மூலைக்கல்லை முதல்ல வைக்கிறானோ, சாந்தை அளவாப் போடுறானோ, ரெண்டாம் வரிக்கு இணைப்பு மாறி விழுதோ, ரசமட்டம் வைச்சுப் பாக்கிறானோ இல்லைக் கண்ணால பாத்திட்டு விடுறானோ. மூண்டாம் வரி முடிய ஆளைத் தெரிஞ்சிடும். ஒரு மணித்தியாலம். எடுத்தாலும் எடுக்காட்டியும் அரைநாள் கூலி குடுத்துத்தான் அனுப்பினனான், ஏனெண்டா அவன் அண்டைக்கு வேற எங்கயும் போகேலாமல் என்னட்ட வந்தவன்.

உன்ர வேலையிலயும் அப்பிடித்தான் இருக்கோணும். மூண்டு வருசக் கணக்கைக் கையில தந்து, ஒபிசில வைச்சு ஒண்டரை மணித்தியாலம், இந்த லாப நட்டத்தையும் ஐந்தொகையையும் காசுப்பாய்ச்சலையும் ஒண்டோட ஒண்டு பிணைச்சுக் காட்டு எண்டா, வேலை தெரிஞ்ச ஒருத்தருக்கு உன்னைத் தெரிஞ்சிடும். அதுக்கு மேல இருபது பக்கம் கேக்கிறவைக்கு ஒண்டில் பாக்கத் தெரியாது, இல்லாட்டி அந்த இருபது பக்கம் தேவை.

உனக்கு ஞாபகம் இருக்கோ, நீ ஓ.எல். படிக்கேக்க கொம்மா குழுக்கடன் எடுத்தவ. 50 ஆயிரம், நூற்றுக்கு 24 வட்டி, 52 கிழமையில கட்டி முடிக்கிறது. கிழமைக்கு 1,190 சொச்சம். நீ கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில கணக்குப் போட்டுப் பாத்து, அம்மா இது 24 இல்லை, ஒவ்வொரு கிழமையும் முதல் குறைஞ்சுகொண்டு போகுது, ஆனா வட்டியை மட்டும் முழு 50 ஆயிரத்துக்கும் வைச்சிருக்கினம், உண்மையான வட்டி 40ஐத் தாண்டுது எண்டு சொன்னனீ. எனக்கு அண்டைக்குத்தான் தெரியும் இந்தப் பிள்ளை கணக்கில தான் போகும் எண்டு. பக்கத்து வீட்டு அக்கா கூட கொப்பியைக் கொண்டு வந்து காட்டினவ. பம்பைமடு கம்பசில படிச்சது எல்லாம் அதுக்குப் பிறகு வந்தது.

இன்னொண்டு, இது எனக்குக் கோவம் வந்த விசயம். ரெண்டாவதா கேட்ட லீசிங் கொம்பனி, ஒரு அரிசி ஆலைக்காரன்ர கடன் விண்ணப்பத்தையே உன்னட்டத் தந்து, கடன் குடுக்கலாமோ எண்டு அறிக்கை எழுதச் சொன்னதாம் எல்லோ. பழைய பைல் இல்லை, இப்ப நடக்கிற விண்ணப்பம் எண்டு நீயே சொன்னனீ. அந்த மனிசன் தன்ர பாங்க் கணக்கு, ஆருக்கு எவ்வளவு கடன், எல்லாத்தையும் நம்பிக் குடுத்தது அந்தக் கொம்பனியிட்ட. வேலைக்குக் கூட எடுக்காத ஒரு பிள்ளையின்ர ஈமெயிலுக்கு அது வரலாமோ? அதில நீ செய்தது சோதினை இல்லை, அவையின்ர ஒபிசர் செய்ய வேண்டிய வேலை. இனி ஆரும் அப்பிடி அனுப்பினா திறக்காத, உடன அழிச்சுப்போட்டு எனக்கு இது வேண்டாம் எண்டு எழுது.

கொழும்புப் பிள்ளையள் எல்லாம் செய்யினம் எண்டு சொன்னனீ. செய்வினம். அவைக்கு வீடு அங்க, சாப்பாடு அம்மா கையால, ஒரு கிழமை உழைக்காட்டியும் ஒண்டும் குறையாது. நீ வெள்ளவத்தையில அனெக்ஸ் வாடகை கட்டிக்கொண்டு, ரியூசன் குடுத்து அந்தக் காசில டேட்டாவும் போட்டுக்கொண்டு இருக்கிறாய். இந்த அசைன்மெண்டுகளுக்காக நீ விட்ட ரியூசன் எத்தினை? நாலு எண்டு கொம்மாட்டச் சொன்னனீயாம். அப்ப நீ சும்மா செய்யேல்ல பிள்ளை, கைக்காசு போட்டுச் செய்திருக்கிறாய். இஞ்ச மல்லாவியிலயும் ஒட்டுசுட்டானிலயும் இருந்து எத்தினை கெட்டிக்காரப் பிள்ளையள் அந்தச் செலவு ஏலாமலே இந்த வேலையளுக்கு எழுதாமல் விட்டிருக்குங்கள் எண்டு யோசிச்சுப் பாக்கிறன்.

போன கிழமை கிளிநொச்சியில ஒரு லோயர் வீட்டில பூச்சு வேலை. தேத்தண்ணி நேரம் அவரிட்டக் கேட்டன். கடை, ஒபிஸ் ஊழியர் சட்டம் எண்டு 1954ல வந்தது இருக்காம், ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல செய்தா ஓவர்ரைம். ஆனா அது வேலைக்கு எடுத்த ஆளுக்குத்தான், எடுக்கமுதல் வாங்குற வேலைக்கு அது கை குடுக்காது எண்டார். இன்னொண்டும் சொன்னவர், அது நல்ல செய்தி. 2003ல வந்த புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதினவருக்குத்தான் எழுத்தின்ர உரிமை, ஊழியரா இருந்து கடமைக்குள்ள எழுதினாத்தான் அது முதலாளிக்குப் போகும். நீ ஊழியர் இல்லை. அப்ப அந்த ரிப்போர்ட்டும் மொடலும் உன்ரதான்.

அதால வெள்ளிக்கிழமைக் காரருக்கு நாளைக்கே ஒரு ஈமெயில் போடு. மரியாதையாத் தான், சண்டை வேண்டாம். இதுக்கு எத்தினை மணித்தியாலம் போகும் எண்டு நினைக்கிறீங்கள், ஆர் பாப்பீங்கள், பாத்திட்டு என்ன குறை நிறை எண்டு சொல்லுவீங்களோ, தெரிவு செய்யாட்டி இதைப் பாவிப்பீங்களோ எண்டு கேள். நான் முழுசாச் செய்யாமல் ஒரு பகுதியைச் செய்து தாறன், இல்லாட்டி உங்கட ஒபிசுக்கு வந்து ரெண்டு மணித்தியாலம் இருந்து செய்து காட்டுறன் எண்டு சொல்லு. பொங்கலுக்குச் செய்த மொடல் இருக்குத்தானே, அதில ரெண்டு பக்கத்தைக் காட்டு, நான் கட்டின வீட்டைக் காட்டித்தான் அடுத்த வீடு பிடிக்கிறனான். அனுப்புறதை எக்செலா அனுப்பாத, பிடிஎஃப் ஆக்கி ஒவ்வொரு பக்கத்திலயும் உன்ர பேரும் திகதியும், தெரிவுக்கு மட்டும் எண்டும் போடு.

அவை வேண்டாம் எண்டா விடட்டும். எனக்கும் பயம் இல்லை எண்டு சொல்லமாட்டன், தம்பிக்கு இந்த வருசம் ஏ.எல்., அது உனக்கும் தெரியும். ஆனா பரந்தன் வேலையில கூரை மட்டத்துக்கு வந்திட்டம், இந்தக் கிழமை ஒரு தவணை கிடைக்கும், காலபோக நெல்லும் வீட்டில கிடக்கு, விலை கொஞ்சம் ஏற விப்பம். ரெண்டு மாச அனெக்ஸ் வாடகையை நான் போடுறன். நீ வேண்டாம் எண்டு சொல்லாத. அந்த ரெண்டு மாசமும் ரியூசனை விடாத, ராத்திரியில நித்திரை கொள்.

கொம்மா இண்டைக்கு இரவு பஸ்ஸில பாசல் போடுறா. மோர்மிளகாய், எள்ளுப்பாகு, வறுத்த அரிசிமா, தோட்டத்து முருங்கைக்காயும் கொஞ்சம். விடிய அஞ்சுக்கு வெள்ளவத்தையில இறக்குவினம், கொண்டக்டர் தம்பியின்ர நம்பரை உனக்கு அனுப்பி விடுறன். ஈமெயிலை எழுதிப்போட்டு அனுப்பமுதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மத்தியானம் பன்ரெண்டரைக்கு சாப்பிட இருப்பம், அப்ப எடு.

அப்பா