கிராக்லர் வீட்டுக்கே போகட்டும்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே வாத்தியாருக்கு மூட்டுவலி, ஆனாலும் ஒத்திகைக்கு வந்து எல்லோரையும் திட்டுவதை விடவில்லை.

அவர்தான் சொன்னார், நீ ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'இரவில் முரசுகள்' நாடகத்தைப் போடுகிறாயாம். துள்ளிக் குதித்தேன். அப்புறம், முடிவை மாற்றப்போகிறாய் என்றார். சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

அதை எழுதியவனின் வயதை நினைத்துப் பார். 1918 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் உதவியாளாகச் சேர்ந்தபோது 20. அடுத்த மாதமே ஜெர்மன் பேரரசர் கெய்சரின் ஆட்சி போய்விட்டது. ஜனவரியில் பெர்லினில் 'ஸ்பார்ட்டகஸ்' என்ற இடதுசாரிப் புரட்சிக் குழுவின் எழுச்சி. அதன் தலைவி ரோசா லக்சம்பர்க்கைக் கொன்றார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டான். முதலில் வைத்த பெயரே 'ஸ்பார்ட்டகஸ்'.

ஆனால் அவன் எழுதியது கொடி பிடித்தவனைப் பற்றி இல்லையே! ஆப்பிரிக்காவில் போர்க்கைதியாகக் கிடந்து நான்கு வருடம் கழித்துத் திரும்புகிறான் சிப்பாய் கிராக்லர். அன்றுதான் அவன் காதலி அன்னாவுக்கு வேறொருவனோடு நிச்சயம், வயிற்றில் அந்த வேறொருவனின் பிள்ளை. பீரங்கிக் குண்டுக்குக் கூடை செய்து சம்பாதித்த அவள் அப்பா, இனிமேல் குழந்தைகளுக்குத் தள்ளுவண்டி செய்யலாம் என்கிறார். அந்த ஒரு வசனத்தில் அந்த வருடம் முழுக்க இருக்கிறது மாப்ளே. வெளியே சுடுகிறார்கள். கிராக்லர் கூட்டத்தோடு போவான் என்று நாம் காத்திருக்கும்போது, அன்னாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

1950களில் பிரெக்ட்டுக்கே இது உறுத்தியது. போராடிச் சாகும் ஓர் இளைஞனைப் பற்றிய பேச்சை உள்ளே சேர்த்தார். ஆனாலும் கிராக்லரை வீட்டுக்குத்தான் அனுப்பினார். நீ அவன் கையில் கொடியைக் கொடுத்தால், பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார்கள். அவன் வீட்டுக்குப் போனால்தான், அடுத்து வீட்டுக்குப் போகப்போகிற அவர்களுக்கும் சுருக்கென்று தைக்கும். 1922இல் ம்யூனிக்கில் முதலில் போட்டபோது, 'இப்படிக் கனவு காண்பதுபோல் வெறிக்காதீர்கள்' என்று அரங்கில் எழுதித் தொங்கவிட்டார்களே, யாருக்காக?

இன்னொரு வருத்தம். உன் குழுவில் அந்தப் பெண் எழுதிய நாடகத்தை, 'நிலவரம் தெளியட்டும்' என்று தள்ளிவைத்திருக்கிறாயாம். தெளிந்தபிறகு அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். குழப்பத்துக்குள் நின்று எழுத அவளுக்கு இப்போதுதான் முடியும். உடனே போடு.

ஒத்திகைத் தேதியைச் சொல், வாத்தியாரோடு வருகிறேன். கடைசிக் காட்சியில் கிராக்லர் முரசை எறிந்து வீழ்த்தும் நிலவு வெறும் காகித விளக்கு. லைட்டிங் போட்டு அதை அழகாக்கிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய சண்டைக்காரன்